வாய் திறவாப் பிள்ளையும் வகுப்பறை இணையமும்

"இன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது?" என்று மாலை வேளையில் பிள்ளையைக் கேட்கும் பெற்றோருக்குக் கிடைக்கும் விடை, பெரும்பாலும் "ஒன்றும் இல்லை" என்பதே ஆகும். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டி முடித்து, ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய தாயும் தந்தையும் அதற்கு மேல் கேட்பதில்லை. கேட்டாலும் பிள்ளை சொல்வதில்லை. ஆயினும், அந்த "ஒன்றும் இல்லை" என்னும் விடையில் சில வேளைகளில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. அன்று முழுவதும் அப்பிள்ளை வகுப்பில் வாயைத் திறக்கவே இல்லை. ஆசிரியரும் அதனைக் கவனிக்கவில்லை என்பதே அவ்வுண்மை.

அண்மைக் காலத்தில் லூனாஸ் வட்டாரத்துப் பெற்றோர் சிலர் என்னிடம் வேறொரு கேள்வியைக் கேட்டனர். "பள்ளியில் ஏதோ கணினி விளையாட்டு விளையாட விடுகிறார்களாம், வீட்டுப் பாடத்தைக் கூடக் கைப்பேசியில் அனுப்புகிறார்கள். இது படிப்பா, விளையாட்டா?" என்பது அக்கேள்வி. நியாயமான ஐயமே. கைப்பேசியைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குவதற்கே பாதி மாலைப்பொழுது கழிந்துவிடும் இந்நாளில், ஆசிரியரே அதனைக் கையில் எடுக்கச் சொன்னால் பெற்றோர் திகைப்பது இயல்பு. அவர்களுக்கு நான் அளித்த விடையைச் சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தகவல் துறைப் பணிக்கு வருமுன் நான் ஆசிரியர் பயிற்சி பெற்று, ஒரு தோட்டப் பள்ளியில் சில காலம் கற்பித்தேன். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கடைசி வரிசையில் சன்னல் ஓரம் அவள் இடம். கேள்வி கேட்டால் தலை குனிவாள். விழுக்காட்டுக் கணக்கை நான் விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்பேன். "புரிந்தது ஐயா!" என்று வகுப்பே ஒரே குரலில் முழங்கும். அம்முழக்கத்தில் அவள் குரல் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் "ஊக்கம் குறைவு" என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்து வந்த பள்ளி விடுமுறையில் ஒரு நாள் தோட்டத்துப் பால் ஸ்டோர்ப் பக்கம் சென்றிருந்தேன். அம்மாணவி தன் தாயுடன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அன்றைய பாலின் எடை 24 கிலோ. உலர் ரப்பர் அளவு 30 விழுக்காடு என்று கிராணி சொன்னார். தாய் கணக்குப் பார்க்கத் தொடங்குமுன்னே, "ஏழு கிலோ இருநூறு கிராம்மா" என்று அவள் மெல்லிய குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. "ஊக்கம் குறைவு" என்று எழுதிய கை என்னுடையதுதான்.

இதில் அப்பெண்ணின் குறை என்ன? அவளுக்கு விடை தெரியும். அதனை முப்பது பேர் முன்னிலையில் எழுந்து நின்று சொல்லும் துணிவுதான் இல்லை. அவளுக்குத் தெரியும் என்பதை அறிந்துகொள்ள என்னிடம் ஒரு வழியும் இருக்கவில்லை.

ஒரே குரலில் பதில் சொல்லும் வழக்கம் நம் தோட்டப் பள்ளிகளில் நெடுநாள் வேரூன்றியது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் அவர்களுக்குப் பள்ளி ஏற்படுத்தித் தர வேண்டும் என்று விதித்தது. பிற மாநிலத் தோட்டங்களிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பர். அவற்றுள் பல, ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொண்டவை. பல வகுப்புப் பிள்ளைகளை ஒருவரே வைத்து நடத்திய அந்நாளில், வாய்ப்பாட்டை எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்வதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும்? அவ்வாசிரியர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், கூட்டுக் குரல் ஒருவனின் அறியாமையையும் மறைக்கும். இன்னொருத்தியின் அறிவையும் மறைக்கும்.

இதனைப் பால்வெட்டும் தொழிலாளர்களுக்கு எளிதில் விளக்கலாம். ஸ்டோரில் நிறுக்கும்போது மொத்தப் பாலின் எடை தெரிகிறது. எந்த மரம் நன்றாகச் சுரந்தது, எந்த மரத்தின் பட்டை காய்ந்து போயிற்று என்பது அங்கே தெரியாது. அதனை அறிய, நிரையில் நடந்து ஒவ்வொரு மரத்தின் மங்கையும் பார்க்க வேண்டும். "புரிந்ததா?" என்று வகுப்பைக் கேட்பது ஸ்டோர்த் தராசு போன்றது. இன்று ஆசிரியர்கள் பயன்படுத்தும் இணையக் கருவிகள், ஒவ்வொரு மங்கையும் ஒரு நிமிடத்தில் பார்க்க உதவுபவை.

அதன் தேவையும் இப்போது பெருகியிருக்கிறது. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன் பிறகு, ஆண்டு முழுவதும் ஆசிரியர் வகுப்பில் கண்டறிவதைக் கொண்டு மாணவரின் அடைவு நிலையை ஒன்று முதல் ஆறு வரை குறிக்கும் வகுப்பறை மதிப்பீடு பெரிய இடத்தைப் பெற்றது. முன்பெல்லாம் வகுப்பில் ஊமைபோல் இருந்த பிள்ளையும் தேர்வுத்தாளில் தன் திறத்தைக் காட்ட வாய்ப்பிருந்தது. வகுப்பிலேயே மதிப்பீடு நடைபெறும்போது, வாய் திறவாத பிள்ளையின் நிலை என்ன ஆவது? பிறகு இடைநிலைப் பள்ளிக்குச் சென்று, பல இனப் பிள்ளைகளோடு மலாய்மொழியில் பயிலும்போது அக்கூச்சம் இரட்டிப்பாகும் என்பதையும் நாம் அறிவோம்.

கருவிகள் எவ்வாறு வேலை செய்கின்றன?

இவற்றுள் பலரும் அறிந்தது 'கஹூட்' ஆகும். நார்வே நாட்டின் திரொன்ஹைம் நகரிலுள்ள பல்கலைக்கழக ஆய்விலிருந்து தோன்றி, 2013ஆம் ஆண்டில் பொதுப் பயனுக்கு வந்தது. ஆசிரியரின் மடிக்கணினியிலிருந்து கேள்வியும் நான்கு விடைகளும் வெண்திரையில் தோன்றும். மாணவர்கள் தம் முன்னுள்ள கருவியில், விடைக்குரிய வண்ணக் கட்டத்தை அழுத்துவர். யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. எத்தனை பேர் எந்த விடையை அழுத்தினர் என்பது உடனே பட்டை வரைபடமாகத் திரையில் எழும். தவறாக அழுத்தியவன் யார் என்பது வகுப்புக்குத் தெரியாது. ஆசிரியருக்குப் பின்னர் கிடைக்கும் அறிக்கையில் தெரியும்.

இசையும் வண்ணமும் கொண்ட இக்கருவியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விரைவாக அழுத்துவோர்க்கே கூடுதல் புள்ளி. நிதானமாக எண்ணிப் பார்க்கும் பிள்ளை இதில் பின்தங்கும்; சிந்திக்காமல் அழுத்தும் பிள்ளை மேலே நிற்கும். கேள்விக்குரிய நேரத்தை நீட்டவும் புள்ளியே இல்லாமல் கேட்கவும் வழி இருக்கிறது. விவரமறிந்த ஆசிரியர்கள் அவ்வாறே செய்கின்றனர்.

பெங்களூரில் உருவாகி 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 'குவிசிஸ்' இக்குறையை ஓரளவு தீர்க்கிறது. 2025ஆம் ஆண்டில் இதன் பெயர் 'வேகிரவுண்ட்' என மாற்றப்பட்டது. பழைய பெயரே இன்னும் பலர் நாவில் இருக்கிறது. இதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் போக்கில், தன் திரையில் கேள்விகளைப் பார்த்து விடையளிக்கலாம். வீட்டுப் பாடமாகவும் அனுப்பலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்து இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் பள்ளிகளில், மூன்றாம் ஆண்டினருக்கு ஆசிரியர் பாடம் விளக்கும் நேரத்தில் நான்காம் ஆண்டினர் இதில் பயிற்சி செய்துகொண்டிருக்கலாம்.

'பேட்லெட்' என்பது வேறு வகை. அது ஓர் அறிவிப்புப் பலகை. "நம் தோட்டத்தில் உனக்குப் பிடித்த இடம் எது, ஏன்?" என்று ஆசிரியர் கேட்டால், ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வரி எழுதி அப்பலகையில் ஒட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கலாம். இதில் தமிழிலேயே எழுத இயலும் என்பது நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத்து ஏறுவதற்குப் பலர் பல்லாண்டு உழைத்தனர். அவர்களுள் 'முரசு அஞ்சல்', 'செல்லினம்' ஆகியவற்றை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கைப்பேசி இல்லாத வகுப்பில்

"எல்லாம் சரி, எங்கள் பிள்ளைகளிடம் கருவி ஏது?" என்று கேட்பீர்கள். இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சு பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என அது காட்டியது. கருவி இருந்தோரிலும் பலருக்குக் கைப்பேசி ஒன்றே துணை. அவ்வாண்டு ஜூன் மாதம் சபா மாநிலத்தில் ஒரு மாணவி, இணையத் தொடர்பு கிடைப்பதற்காக மரத்தின்மேல் அமர்ந்து தேர்வு எழுதிய செய்தி நாடெங்கும் பரவியது. நம் வட்டாரத்துத் தோட்டங்களிலும் லயத்து வாசலில் தொடர்பு கிடைக்காமல் சாலையோரம் வந்து நின்ற பிள்ளைகளைக் கண்டவர் உண்டு. இத்தனைக்கும் 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா லூனாசுக்கு அருகிலேயே இருக்கிறது. உலகத்துக்கு மின்னணுப் பாகங்கள் செய்து அனுப்பும் ஆலைகள் ஒரு பக்கம். தொடர்பு தேடிக் கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் பிள்ளை மறு பக்கம்.

அரசாங்கம் இத்துறையில் மேற்கொண்ட முயற்சிகள் பல. 1999ஆம் ஆண்டில் 'பெஸ்தாரி' பள்ளிகளின் சோதனைத் திட்டம் தொடங்கியது. பின்னர், ஏறக்குறைய 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைக்க முனைந்த '1பெஸ்தாரிநெட்' திட்டத்தின் கீழ் 'ஃபுரோக்' என்னும் கற்றல் தளம் வழங்கப்பட்டது. அதன் பயன்பாடு எதிர்பார்த்த அளவில் இல்லை எனத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. 2019ஆம் ஆண்டில் திட்டம் முடிவுற்றது. கம்பியும் கருவியும் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, ஆசிரியர் அதனை வைத்து என்ன கேட்கப் போகிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்னும் பாடத்தை அது விட்டுச் சென்றது. 2020ஆம் ஆண்டில் 'டெலிமா' தளம் வந்தது. 2021ஆம் ஆண்டில் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் 'செர்டிக்' திட்டம் தொடங்கியது. 2023 நவம்பரில் மின்னியல் கல்விக் கொள்கை அறிவிக்கப்பட்டது.

பள்ளிக்கு மாணவர்கள் கைப்பேசி கொண்டு வருவதற்கு வழக்கமாக அனுமதி இல்லை. கணினிகளோ எல்லாருக்கும் போதுமான அளவில் எல்லாப் பள்ளியிலும் இல்லை. இந்நிலையில் நம் தோட்டப்புறப் பள்ளிகளுக்கு மிகப் பொருத்தமானதென நான் கருதுவது 'பிளிக்கர்ஸ்' என்னும் அட்டை முறையாகும். இதில் பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அட்டையில் கருப்புக் கட்டங்களாலான ஒரு வடிவம். நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகள் மிகச் சிறியனவாக அச்சிடப்பட்டிருக்கும். தான் தேர்ந்தெடுத்த எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தம் கைப்பேசியின் கேமராவை வகுப்பின்மேல் ஒருமுறை ஓட்டினால் போதும். அட்டை ஒவ்வொன்றையும் அது படித்து, இன்ன பிள்ளை இன்ன விடை தந்தது என்று காட்டிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வெவ்வேறு. ஆகவே, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அதேபோல் பிடித்தால் விடை மாறிப் போகும். இதில் நம் பிள்ளைகளின் சாமர்த்தியம் பலிக்காது!

கடைசி வரிசைப் பிள்ளையும் அட்டையைத் தூக்கியாக வேண்டும். தூக்காதவர் பெயர் ஆசிரியரின் திரையில் விடையின்றி நிற்கும். அவளைப் பெயர் சொல்லி எழுப்பி வெட்கப்படுத்தாமலே, பாடம் முடிந்த பின் அருகில் அழைத்துப் பேசலாம். அக்காலத்தில் இத்தகைய அட்டைக் கட்டு ஒன்று என்னிடம் இருந்திருந்தால், அந்தத் தேர்ச்சி அறிக்கையில் வேறு சொல் எழுதியிருப்பேன்.

கருவி எதுவாயினும், கேள்வி நல்லதாக அமைய வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா? மூன்றைவிட நான்கு பெரிது என எண்ணி, "நான்கில் ஒரு பங்கு" என்னும் விடையைப் பல பிள்ளைகள் காட்டுவர். வகுப்பில் பாதிப் பேர் அதனைக் காட்டினால், பின்னத்தின் கீழெண் எதைக் குறிக்கிறது என்பதே இன்னும் பதியவில்லை என்பதை ஆசிரியர் அறிந்துகொள்வார். தவறான விடையும் இங்கே ஆசிரியருக்கு ஒரு செய்தியாகிறது. அமெரிக்காவின் ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் என்னும் பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலிருந்து கையாண்ட முறை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கேள்வி கேட்டு மாணவர் விடையைப் பெற்றதும், எது சரி என்று அவர் உடனே சொல்வதில்லை. "பக்கத்தில் இருப்பவரிடம் உன் விடை ஏன் சரி என்று எடுத்துச் சொல்" என்பார். இரண்டு மூன்று நிமிடம் வகுப்பு முழுவதும் பேச்சொலி. பிறகு அதே கேள்விக்கு மீண்டும் விடை காட்டச் சொல்வார். பலர் தாமே திருத்திக்கொள்வர்.

நம் வகுப்புக்கும் இது பொருந்தும். "ஒரு ரொட்டியை மூன்று பேர் பிய்த்தால் எனக்கு அதிகம் வருமா, நான்கு பேர் பிய்த்தால் அதிகம் வருமா?" என்று ஒரு பிள்ளை தன் தோழியிடம் கேட்டுவிட்டால், அதற்கு மேல் ஆசிரியர் விளக்க வேண்டியது மிகக் குறைவு. வகுப்பின் முன் நின்று பேசத் துணியாத பிள்ளை, பக்கத்துத் தோழியிடம் பேசும். வாய் திறத்தல் அங்கேதான் தொடங்குகிறது.

பெற்றோர் செய்ய வேண்டியன சில உள. கைப்பேசிக்கு வீட்டுப் பாடம் வந்தால், அது எந்தப் பாடம், எத்தனை கேள்வி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கருவியைக் கொடுங்கள்; முடிந்ததும் வாங்கி வைத்துவிடுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். அண்ணனோ அக்காளோ பக்கத்தில் அமர்ந்து சரியான விடையை அழுத்தினால், பிள்ளைக்கு முழுப் புள்ளி வரும். பிள்ளை அறிந்துவிட்டது என்று நம்பி ஆசிரியர் அடுத்த பாடத்திற்குப் போய்விடுவார். தவறாக இருந்தாலும் பிள்ளையின் சொந்த விடையே போகட்டும்.

பெரும்பாலான இக்கேள்வி விளையாட்டுகளில் சேர, ஆசிரியர் தரும் எண்ணும் ஒரு பெயரும் போதும். அடையாள அட்டை எண்ணையோ வங்கி விவரத்தையோ கேட்கும் பக்கம் எதுவாயினும் உடனே மூடிவிட்டு ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். டெலிமா தளத்தில் நுழைய உங்கள் பிள்ளைக்குத் தனி அடையாளமும் கடவுச்சொல்லும் பள்ளி வழி கிடைக்கும். அவற்றைப் பள்ளிக் குறிப்பேட்டின் உள் அட்டையில் எழுதாமல், வீட்டில் பத்திரமாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். மறந்து போனால் வகுப்பாசிரியரிடம் சொல்லிப் புதியது பெறலாம். வீட்டில் தொடர்பு கிடைக்காதோர், அருகிலுள்ள சமூக இணைய மையம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து அறிந்துகொள்ளலாம். இம்மையங்கள் இப்போது 'நாடி' எனப் பெயர் பெற்றுள்ளன.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் வரும்போது, பந்தல் செலவும் விளையாட்டுப் போட்டிச் செலவும் பேசி முடிந்தபின், இந்த அட்டைக் கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டை வடிவங்களை இணையத்திலிருந்து இலவசமாகப் பெறலாம். தடித்த வெள்ளைத் தாள் ஒரு கட்டும் கருப்பு மையும் இருந்தால் ஒரு வகுப்புக்கு ஒரே மாலையில் அச்சிட்டு வெட்டிவிடலாம். வெட்டித் தரும் வேலையைப் பெற்றோரே செய்யலாம். பிள்ளைகளின் கை ஈரத்தில் கிழியுமே என்று அவற்றுக்குப் பளபளப்பான நெகிழி உறை மட்டும் இட வேண்டாம். சன்னல் வெளிச்சம் அதில் பட்டு மின்னினால், கடைசி வரிசையில் தூக்கிப் பிடித்த அட்டையைக் கேமரா படிக்காது.